அது யாருடைய வண்டி? குழந்தையின் படைப்பாற்றலில் பெற்றோரின் பங்கு

குழந்தையின் படைப்பாற்றலைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டே வசனங்கள்தான் காதில் விழும். ஒன்று, "அதெல்லாம் ரத்தத்திலேயே வரணும்." இன்னொன்று, "நல்லா ஊக்கப்படுத்தணும், பாராட்டணும், ஏதாவது வகுப்பில் சேர்த்துவிடணும்." முதலாவதை நம்புகிறவர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள் ஓய்வில்லாமல் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். இருவருக்கும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில் குறை கிடையாது. ஆனால் ஒரு குழந்தை எதையாவது தானாகச் செய்து பார்க்கத் துணியும்போது அதன் மனதுக்குள் என்ன நடக்கிறது, அதில் அம்மா அப்பாவின் பங்கு எங்கே வருகிறது என்பதை இந்த இரண்டு வசனங்களும் சொல்வதில்லை.

நான் ஆய்வாளன் இல்லை, ஒரு தகப்பன். என் பையன் செய்த ஓர் அட்டைப்பெட்டி வண்டியை நான் கெடுத்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் அடிப்படையிலிருந்து வருவோம்.

## படைப்பாற்றல் என்று எதைச் சொல்கிறோம்?

ஓவியம், பாட்டு, நடனம் என்றுதான் சட்டென்று நினைவுக்கு வரும். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. உளவியலில் இதற்கு எளிமையான வரையறை ஒன்று உண்டு: செய்தது புதிதாக இருக்க வேண்டும், அந்த இடத்துக்குப் பொருந்தவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் படைப்பாற்றல்.

பெரியவர்கள் விஷயத்தில் 'புதிது' என்றால் மற்றவர்களுக்கும் புதிதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். குழந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதற்குப் புதிதாக இருந்தால் போதும். நாலு வயதுக் குழந்தை ஒன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஆக்குகிறது. பஸ்ஸுக்குக் கதவு வேண்டுமே என்று யோசிக்கிறது. ஒரு போர்வையை இழுத்து வந்து தொங்கவிடுகிறது. இதற்கு முன்னால் எத்தனையோ குழந்தைகள் இதைச் செய்திருப்பார்கள். ஆனால் இந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தேவை வந்தது, கையில் கிடைத்ததை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தது. விளையாட்டில் சண்டை வராமல் இருக்கப் புதிதாக ஒரு விதி போடும் குழந்தையும், தெரியாத பொருளுக்குத் தானே ஒரு பெயர் வைக்கும் குழந்தையும் இதைத்தான் செய்கிறார்கள்.

1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜே. பி. கில்ஃபோர்ட், படைப்பாற்றலை உளவியலாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்று தன் தலைமையுரையில் வருத்தப்பட்டார். அவர் பிரித்துக் காட்டிய இரண்டு வகைச் சிந்தனைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஒரே சரியான விடையை நோக்கிப் போவது குவிசிந்தனை. ஒரு கேள்வியிலிருந்து பல விடைகளுக்குப் பரவுவது விரிசிந்தனை. ஏழும் எட்டும் எத்தனை என்றால் முதல் வகை. ஒரு செங்கல்லை வைத்து என்னென்னவெல்லாம் செய்யலாம் என்றால் இரண்டாம் வகை. பஸ்ஸுக்குக் கதவாக எதையெல்லாம் வைக்கலாம் என்று யோசிக்கும்போது விரிசிந்தனை, இருப்பதிலேயே போர்வைதான் சரியாக வரும் என்று முடிவெடுக்கும்போது குவிசிந்தனை. இரண்டும் வேண்டும். ஆனால் பல வழிகளை யோசித்துப் பார்க்கிற அந்த விரிசிந்தனைப் பாதியைத்தான் நாம் பொறுமையில்லாமல் கலைத்துவிடுகிறோம்.

## பேச்சு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள்

உங்கள் குழந்தை பேசக் கற்றுக்கொண்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். யாரும் அதற்கு இலக்கண வகுப்பு எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பரிசு தரவில்லை. ஆனாலும் பேச்சு வந்தது.

அதற்குக் காரணங்கள் சில உண்டு. வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தங்களுக்குத் தேவைப்பட்டதால் பேசினார்கள், குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பேசவில்லை. அப்புறம், குழந்தை எதையாவது குழறினால் உடனே பதில் வந்தது. "ஆமாவா? அப்புறம்?" என்று யாராவது கேட்டார்கள். முக்கியமாக, தப்புத் தப்பாகப் பேச அதற்கு முழு உரிமை இருந்தது. மழலையைக் கேட்டு நாம் சந்தோஷப்பட்டோமே தவிர, மதிப்பெண் போடவில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் இந்தப் போக்குவரத்தை டென்னிஸ் ஆட்டத்துக்கு ஒப்பிடுகிறது. குழந்தை ஒரு சத்தமோ சைகையோ செய்து பந்தை இந்தப் பக்கம் அடிக்கிறது. நாம் அதைத் திருப்பி அடிக்கிறோம். இப்படிப் போய்வரப் போய்வரத்தான் குழந்தையின் மூளையில் இணைப்புகள் வலுப்படுகின்றன. கவனித்துப் பார்த்தால், ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது குழந்தை. நம் வேலை திருப்பி அடிப்பது.

ரத்தத்தில் வருவது என்ற வசனத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பேசும் திறன் மூளையில் பிறவியிலேயே இருக்கிறதுதான். ஆனால் எந்த மொழியும் எட்டாமல் வளரும் குழந்தைக்கு அந்தத் திறன் பேச்சாக மாறுவதில்லை. படைப்பாற்றலிலும் அப்படித்தான். குழந்தைக்குக் குழந்தை இயல்பு வேறுபடும், அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த இயல்பு ஒரு செயலாக வெளியே வருவதற்கு மட்டும் வீடு வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: படைப்பாற்றல் கலைகளோடு நின்றுவிடுவதில்லை. குழந்தைக்குப் புதிதாகவும் பொருத்தமாகவும் இருக்கிற எதுவும் அதில் சேரும். அது வளர்வது, பேச்சு வளர்கிற மாதிரி: சுற்றிலும் நடக்கிற வேலை, திரும்பி வருகிற பதில், தப்பு செய்வதற்கான உரிமை. இனி இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## பார்த்துப் பழகுவது

என் அம்மா வீட்டிலேயே துணி தைப்பார். சட்டைக்குக் கை வைக்கும்போது தோள்பட்டையில் சுருக்கம் விழுந்துவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவார். துணியை மடியில் போட்டு, ஊசி நுனியால் நூலை நெம்பி, நாலு தையலுக்கு ஒரு தையலாக வெட்டிக்கொண்டே போவார். பிறகு ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் நூல் மொத்தமாக உருவிக்கொண்டு வரும். துணியில் பொடிப்பொடியாக ஓட்டைகள் வரிசை கட்டி நிற்கும். அதன்மேல் நகத்தால் ஒரு தேய் தேய்ப்பார், ஓட்டைகள் மறையும். அப்புறம் மறுபடியும் மெஷின். முகத்தில் சலிப்பே தெரியாது. "பிரிச்சுத் தைச்சாத்தான் உட்காரும்" என்பார்.

எனக்கு இன்றைக்கும் ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாது. ஆனால் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத எனக்குத் தயக்கமே வந்ததில்லை. அது எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. நான் பார்த்தது தையலை இல்லை. ஒரு வேலை கோணலாகப் போனால் ஒரு பெரியவர் என்ன செய்வார் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு உளவியலில் 'பார்த்துக் கற்றல்' என்று பெயர். யாரும் சொல்லித் தராமலே, மற்றவர் செய்வதைக் கவனித்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது. ஆல்பர்ட் பண்டூரா 1961இல் செய்த ஆய்வு இதில் பெயர் பெற்றது. ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தனியே விட்டபோது அதே மாதிரி அடித்தார்கள். அடிப்பதை மட்டுமா குழந்தைகள் பார்த்துக் கற்கிறார்கள்?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஜூலியா லெனார்டும் அவருடன் மேசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கெடுத்தவர்கள் ஒன்றேகால் வயதை ஒட்டிய குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகள் முன்னால் ஒரு பெரியவர் ஒரு டப்பாவுக்குள் இருந்த பொம்மையை எடுக்க அப்படியும் இப்படியும் முயன்று, திணறி, கடைசியில் எடுத்தார். மற்றக் குழந்தைகள் முன்னால் அதையே சுலபமாக எடுத்தார். பிறகு குழந்தைகள் கையில் வேறு ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் பெரிய பொத்தான் ஒன்று இருந்தது, அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பெரியவர் திணறியதைப் பார்த்த குழந்தைகள் அந்தப் பொத்தானை அதிகத் தடவை அழுத்திப் பார்த்தார்கள். இன்னும் சரியாகப் பேச்சுகூட வராத வயது அது. முயற்சி என்றால் என்ன என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதனால்தான் "எனக்கு வரையவே வராதே, நான் எப்படிக் குழந்தைக்கு உதவுவது?" என்று கவலைப்படுகிறவர்களிடம், அது ஒரு குறையே இல்லை என்று சொல்வேன். நீங்கள் கலைஞராக இருக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு வேலையை ஆசையாகச் செய்யுங்கள், அது கோணலாகும்போது குழந்தை பார்க்கிற இடத்தில் வைத்தே பிரித்து மறுபடி செய்யுங்கள். பழுதான மின்விசிறியாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம். நாம் செய்கிற தப்பு என்ன, முடித்த வேலைகளை மட்டும்தான் குழந்தைக்குக் காட்டுகிறோம். நம் கிறுக்கல்களை ஒளித்துவிடுகிறோம். அதனால் பெரியவர்களுக்கு எல்லாம் முதல் தடவையே வந்துவிடும் என்று குழந்தை நம்பிவிடுகிறது. தனக்கு முதல் தடவையில் வரவில்லை என்றதும், தனக்கு அது 'வராது' என்று முடிவுக்கு வந்துவிடுகிறது.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் அப்பா விஞ்ஞானி இல்லை, சீருடை வியாபாரத்தில் இருந்தவர். சிறுவன் ஃபைன்மன் ஒரு பொம்மை வண்டியை இழுத்தபோது உள்ளே இருந்த பந்து பின்பக்கம் ஓடியதைக் கவனித்து, ஏன் என்று கேட்டான். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், நிற்கிற பொருள் நின்றபடியே இருக்கப் பார்க்கும், ஆனால் அது ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது என்றாராம் அப்பா. பக்கவாட்டிலிருந்து பார், உண்மையில் வண்டியின் பின்பக்கம்தான் பந்தை நோக்கி வருகிறது என்றும் சொன்னாராம். ஃபைன்மன் வயதான பிறகும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் இருந்தது பட்டம் இல்லை. தெரியாததை ரசிக்கிற மனம் இருந்தது, அதை மகன் முன்னால் வெளிப்படையாகக் காட்டினார்.

## பரிசு கொடுத்தால் என்ன ஆகும்?

இதில்தான் நல்ல மனதுடையவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், "படம் வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குப் பரிசே இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அந்தப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் எடுத்து வரைகிறார்கள் என்று பார்த்தார்கள்.

பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுக்களும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கோ, பரிசே பெறாதவர்களுக்கோ ஆசை குறையவில்லை.

ஏன் அப்படி? ஒரு வேலையை எதற்காகச் செய்கிறோம் என்று நம் மனம் நமக்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறது. "எனக்குப் பிடிக்கிறது, வரைகிறேன்" என்று இருந்த குழந்தைக்கு, "சான்றிதழுக்காக வரைகிறேன்" என்ற இன்னொரு காரணம் கிடைக்கிறது. வெளியிலிருந்து வந்த காரணம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதால், உள்ளே இருந்தது மங்கிப்போகிறது. பிறகு பரிசு இல்லாத நாளில் வரைய ஒரு காரணமும் மிஞ்சுவதில்லை. அந்த உள்ளே இருந்த காரணத்துக்குத்தான் 'உள்ளார்ந்த ஊக்கம்' என்று பெயர்: செய்வதில் இருக்கிற இன்பத்துக்காகவே ஒன்றைச் செய்வது.

ஆசை குறைவதோடு நிற்பதில்லை, செய்கிற வேலையின் தன்மையும் மாறுகிறது. தெரெசா அமாபிலி 1982இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 11 வயது வரையிலான சிறுமிகள் வண்ணக் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்தார்கள். ஒரு குழுவுக்கு, நன்றாகச் செய்தவர்களுக்குப் பரிசு என்று சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்குப் பரிசு குலுக்கலில் மட்டும்தான். யார் எந்தக் குழு என்று தெரியாத ஓவியர்கள் பார்த்து மதிப்பிட்டபோது, போட்டிக்காகச் செய்த படங்களில் படைப்புத்தன்மை குறைவாக இருந்தது. அது இயல்புதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜெயிக்க வேண்டும் என்றால் யாரும் தெரிந்த வழியில்தான் போவார்கள், விபரீதமாக ஒன்றைச் செய்து பார்க்க மாட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பரிசும் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குழந்தைக்குத் துளியும் ஆசை இல்லாத ஒரு வேலையைத் தொடங்கி வைக்கச் சின்னப் பரிசு உதவலாம். கெடுதல் வருவது, ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற ஒன்றின்மேல் "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்று பேரம் வைக்கும்போது.

## பாராட்டும் பார்வையும்

சரி, பரிசு வேண்டாம், பாராட்டலாமே? பாராட்டலாம். எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுலபமான புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ ரொம்பப் புத்திசாலி" என்றும், வேறு சிலரிடம் "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் நிச்சயமாகச் செய்யக்கூடியதையே கேட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள், கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிற புதிர்களைக் கேட்டார்கள். கடினமான புதிர்களில் தோற்ற பிறகு, முதல் கூட்டம் சோர்ந்துபோனது. கிடைத்த பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் வந்துவிட்டால் புதிதாக எதையும் முயல முடிவதில்லை.

ஆனால் "உழைப்பைப் பாராட்டுங்கள்" என்று இதை ஒரு சூத்திரமாக ஆக்கிவிடவும் எனக்கு மனமில்லை. குழந்தை ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது என்ன சொல்கிறது? "பாருங்க" என்கிறது. மதிப்பு போடச் சொல்லிக் கேட்பதில்லை. நாமோ கைப்பேசியிலிருந்து அரைக்கண் தூக்கி "சூப்பர்!" என்கிறோம். அதற்குப் பிறகு பேச்சு எங்கே போக முடியும்? ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பார்ப்பது என்றால் உண்மையிலேயே பார்ப்பது. "இந்த மூலையில் மட்டும் கறுப்பு இவ்வளவு அழுத்தமா இருக்கே, என்ன அது?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை பத்து நிமிடம் பேசும். அது இருட்டு என்றும், இருட்டுக்குள் ஒரு நாய் இருக்கிறது என்றும், நாய்க்குப் பயம் அதனால்தான் தெரியவில்லை என்றும் சொல்லும். பேசும்போதே கதை வளரும், அடுத்த படத்துக்கு விதை விழும். "இது என்ன?" என்று கேட்பதற்குப் பதில் "இதைப் பற்றிச் சொல்லேன்" என்பது இன்னும் நல்லது. எல்லாக் கிறுக்கலும் ஏதாவதொன்றாக இருக்க வேண்டும் என்று இல்லையே. கை போன போக்கில் ஓடிய கோட்டின் சுகமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் நாள் முழுக்கச் செய்ய யாராலும் முடியாது. வேலை முடிந்து களைத்து வந்திருக்கும்போது, "இப்போ முடியல, சாப்பிட்டுட்டு உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி பார்த்தால் போதும். அரைக்கண் பார்வையில் சொல்கிற பத்து "சூப்பர்"களைவிட அந்த ஒரு தடவை மேல்.

சுருக்கமாக: குழந்தை நம் தோல்விகளைப் பார்த்துத் துணிவைக் கற்கிறது. பேரம் பேசினால் உள்ளார்ந்த ஊக்கம் மங்குகிறது. குழந்தைக்குத் தீர்ப்பைவிடக் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. இனி வண்டிக்கு வருவோம்.

## அட்டைப்பெட்டி வண்டி

என் பையனுக்கு அப்போது ஆறு வயது. ஒரு செருப்புப் பெட்டியில் வண்டி செய்தான். பாட்டில் மூடிகளைச் சக்கரமாக ஒட்டியிருந்தான். பெட்டியோடு சேர்த்தே ஒட்டிவிட்டதால் சக்கரம் சுற்றவில்லை. இழுத்தால் தரையில் தேய்த்துக்கொண்டே போனது. அவன் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, வாயாலேயே சத்தம் எழுப்பிக்கொண்டு ஓட்டினான்.

அன்று இரவு அவன் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்தேன். மூடிகளைப் பெயர்த்தெடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, குச்சி கோத்து, பெட்டியில் நாலு துளை போட்டு அச்சாக மாட்டினேன். சக்கரம் அழகாகச் சுற்றியது. காலையில் அவன் கண் விழித்ததும் தள்ளிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லா இருக்குப்பா. இது உங்க வண்டி" என்றான். கோபமே இல்லை குரலில். அதன்பின் அந்த வண்டியைத் தொடவில்லை.

நான் உதவியதாகத்தான் நினைத்தேன். உண்மையில், சக்கரம் ஏன் சுற்றவில்லை என்று அவனுக்கே ஒரு நாள் உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அப்படியானால் உதவவே கூடாதா? சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். மிதிப்பது குழந்தை, திருப்புவது குழந்தை. சாயும்போது மட்டும் நம் பிடி இறுகுகிறது, நேராகப் போகும்போது தளர்கிறது. ஒரு கட்டத்தில் கை எடுபட்டது குழந்தைக்கே தெரிவதில்லை. நாமே ஏறி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தால் குழந்தை எப்போது கற்கும்?

இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் கட்டட வேலையிலிருந்து வந்தது: சாரம். கட்டடம் எழும்பும் வரை சுற்றிலும் கட்டி நிறுத்தி, எழும்பியதும் பிரித்துவிடுகிற அதே சாரம்தான். குழந்தை தனியாகச் செய்ய முடியாத, ஆனால் கொஞ்சம் துணை இருந்தால் செய்யக்கூடிய வேலைகள் என்று ஓர் எல்லை உண்டு, வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி சொன்னார். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 21 மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுவதைக் கவனித்து, துணை எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தார்கள். அங்கே துணைக்கு இருந்தவர் வைத்துக்கொண்ட விதி, முடிந்தவரை குழந்தையையே செய்யவிடுவது.

சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எலிசபெத் பொனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரமான பொம்மையைச் செய்தார்கள். அதில் நாலு ரகசியங்கள்: ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று கத்தும், இன்னோரிடத்தில் விளக்கு எரியும், ஒன்றில் இசை வரும், ஒன்றுக்குள் கண்ணாடி இருக்கும். சில குழந்தைகளிடம் "இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது பார்" என்று கீச்சொலியை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். வேறு சில குழந்தைகள் முன்னால், தற்செயலாகக் கண்டுபிடித்தது மாதிரி அதே ஒலியை எழுப்பினார்கள். பாடமாகக் கற்ற குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்ற ரகசியங்களைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். தற்செயலைப் பார்த்தவர்கள் அதிக நேரம் துழாவினார்கள். பெரியவர் முழுக்கச் சொல்லிவிட்டார் என்றால் இதில் வேறொன்றும் இல்லை என்று குழந்தை நியாயமாகவே முடிவு செய்கிறது.

எனவே கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, பசை காய எவ்வளவு நேரம் ஆகும் மாதிரியான கைத்திறன்களை, குழந்தை கேட்கும்போது தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். என்ன செய்வது, அது எப்படி இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடலாம். வகுப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுதான் என் அளவுகோல். திரும்பி வரும் குழந்தை, சொல்லித்தராத ஒன்றை வீட்டில் தானாகச் செய்து பார்க்கிறதா? செய்தால் அந்த வகுப்பு நல்லது.

## சும்மா இருக்கிற நேரமும், கலைக்காத மூலையும்

"போர் அடிக்குது" என்று குழந்தை சொன்னால் உடனே ஏதாவது கொடுத்துவிட வேண்டும் என்று நமக்குப் பதற்றம் வருகிறது. திரையை நீட்டுவது சுலபம். ஆனால் அடுத்த ஒரு கால் மணி நேரம்தான் குழந்தை தன் சொந்த யோசனையைத் தேடிப் போகிற நேரம். முதல் ஐந்து நிமிடம் சிணுங்கும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது நாம்தான்.

சும்மா விடுவது என்றால் தனியாக விட்டுவிடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1958இல் ஒரு கட்டுரையில், தனியாக இருக்கும் திறனைக் குழந்தை பெறுவது அம்மா அருகில் இருக்கும்போதுதான் என்று எழுதினார். கேட்க முரணாக இருக்கிறது. ஆனால் வீட்டில் பார்த்தால் புரியும். நீங்கள் அதே அறையில் உங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். குழந்தை தரையில் ஏதோ செய்கிறது. பேச்சில்லை. நடுவில் ஒரு தடவை தலை தூக்கி, நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் அது தன் விளையாட்டுக்குள் அவ்வளவு ஆழமாகப் போக முடிகிறது.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மாதிரி மட்டும் விளையாடக்கூடிய விலை உயர்ந்த பொம்மையைவிட அட்டை, கயிறு, துணி, மண், தாள் நல்லவை. அவை எதுவாகவும் ஆகும்.

இடம்தான் நாம் மறந்துவிடுகிற விஷயம். பாதியில் நிற்கிற வேலை ராத்திரி கலைக்கப்படாமல் இருக்க ஒரு மூலை வேண்டும். வீடு சிறியதாக இருந்தால் ஒரு பலகையோ, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிற ஒரு தட்டோ போதும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம் என்று தெரிந்த குழந்தைதான் ஒரு நாளில் முடியாத ஒன்றைச் செய்ய நினைக்கும். தினமும் எல்லாம் துடைத்து எடுக்கப்பட்டால், அதன் யோசனைகளும் ஒரு நாளுக்குள் அடங்குகிறவையாகச் சுருங்கிவிடும்.

எங்கள் வீட்டில் ஜன்னலுக்குக் கீழே அப்படி ஒரு பலகை இருக்கிறது. வண்டிக் கதை நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வாரம் அதில் ஒரு புதுப் பெட்டி வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை மூடிகளை ஒட்டவில்லை, மூடிக்கு நடுவில் ஆணியால் குத்திக்கொண்டிருந்தான். இரண்டு மூடி பிளந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை மட்டும் பரபரத்தது. நாலாவது நாள் கூப்பிட்டான்.

"அப்பா, இங்க கொஞ்சம் பிடிங்க."

பெட்டியின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு குச்சியை ஒரு துளையில் விட்டு, மறு துளையில் மாட்டாமல் தடுமாறி, வெளியே எடுத்து, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி விட்டான். குச்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"போதும்ப்பா, விடுங்க" என்றான்.